ஆடிக்காற்றில் அடித்த நீலம்

போன மாதம் வேளாண் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அறிவியலை மக்களிடம் கொண்டுபோவது எப்படி என்று ஏதோ பயிற்சியாம். அதற்கு நான் 'ஐந்து டிப்ஸ்' சொல்ல வேண்டுமாம். செல்போனில் பிடித்து, பின்னால் பாட்டுச் சேர்த்து, ஒரு நிமிஷத்துக்குள் போட்டுவிடுவார்களாம். "எங்க காலத்துல ஒரு நிமிஷத்துல மைக்கையே சரிபண்ண முடியாதும்மா" என்றேன். சிரித்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். கடைசிவரை ஒரு டிப்ஸும் என் வாயிலிருந்து வரவில்லை. எனக்குக் குறிப்பாகச் சொல்ல வராது, நடந்ததைத்தான் சொல்ல வரும். அவர்கள் போன கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷத்தில் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அமலோற்பவம். ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டினார், அம்மா நடவு நட்டார். கோயில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் என்னை விடாமல் பிடித்துப் படிக்க வைத்தார்கள். பிறகு விவசாயப் பயிற்சி. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விடுதியில் சாம்பார் தண்ணீராக இருந்தது, பாடம் கெட்டியாக இருந்தது, இரண்டையும் விழுங்கித் தேறினேன். துறையின் பிரசாரப் பிரிவில் வேலை கிடைத்தது. ஒரு ஜீப், ஒரு ஒலிபெருக்கி, படம் காட்டும் கருவி ஒன்று, பூதக்கண்ணாடிகள் நிறைந்த ஒரு மரப்பெட்டி, டிரைவர் காதர் பாய், நான். எங்களுக்கு மேலே சிங்காரவேலு சார்.

அது ஆட்சி மாறி, கறுப்பு சிவப்புக் கரைவேட்டிகள் ஆபீசுக்குள் தாராளமாக நடமாடத் தொடங்கிய காலம். 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்திருந்தார். எங்கள் துண்டுப் பிரசுரங்களும் நல்ல தமிழுக்கு மாறின. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் மேலே உட்கார்ந்து எழுதியவர்கள் ஆர்வக்கோளாறில் சங்கப் புலவர்களுக்கு எழுதுவதுபோல எழுதிவிட்டார்கள். சிங்காரவேலு சார் எந்தப் பிரசுரம் வந்தாலும் முதலில் காதர் பாய்க்கு வாசித்துக் காட்டச் சொல்வார். குருத்துப்பூச்சி பற்றிய ஒன்றை நான் முழுக்க வாசித்து முடித்ததும் பாய் பவ்யமாகக் கேட்டார்: "இது எந்தக் கட்சி நோட்டீசும்மா?" சார் அன்றைக்கே அதைக் கட்டித் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் குடை, யோசிக்கும்போது காது மடலைப் பிடித்து இழுப்பார். பியூனிலிருந்து கலெக்டர் வரை எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேச்சு. அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த ஊரும் ஒரே ஊராக இல்லை. கூலித் தகராறு, குத்தகைப் பதிவு, நில உச்சவரம்பு என்று ஒவ்வொரு ஊரும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மிராசுதார் தெருவில் ஜீப்பை நிறுத்தினால் உழைக்கிற தெரு வராது. அங்கே நிறுத்தினால் இவர்கள் வரமாட்டார்கள். ஆகவே சார் வாய்க்கால் மதகடியில்தான் நிறுத்தச் சொல்வார். மதகு யாருக்கும் சொந்தமில்லை, தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். கூட்டம் முடியும்வரை யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. முடிந்த பிறகு இரண்டு தெருவிலும் குடிக்க வேண்டும். ஒரு தெருவில் குடித்துவிட்டு இன்னொன்றில் 'வயிறு சரியில்லை' என்று சொல்வது பெரிய குற்றம்.

அவர் பேசத் தொடங்கும் விதமும் தனி. தொடங்கவே மாட்டார். கொண்டுவந்த பூச்சியையோ நோய் பிடித்த தாளையோ கையில் வைத்துக்கொண்டு, யாராவது கேள்வி கேட்கும்வரை சும்மா நிற்பார். எனக்கு முதலில் உடம்பெல்லாம் கூசும். "கேக்காத காதுல ஊத்துனா வெளிய வழிஞ்சிடுங்க, அமலோற்பவம்" என்பார். அவர் எனக்குச் சொன்னதில் பெரியது இது: "தெரிஞ்சதைச் சொல்லுங்க. எப்படித் தெரிஞ்சதுன்னு காட்டுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அந்தக் கடைசி வார்த்தை தொண்டையில சிக்காம வரணும். அது வந்தாத்தான் மத்ததை நம்புவாங்க." கேட்க எளிதாகத்தான் இருந்தது. அது எவ்வளவு கடினம் என்று திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஒரு ஊரில்தான் தெரிந்துகொண்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இரண்டு தரப்புப் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

அந்த வருஷம் குறுவையில் குருத்துப்பூச்சி கடுமையாக இருந்தது. பூச்சிமருந்து அடிக்காத வயலே இல்லை. அந்த ஊரில் பெரிய நிலக்காரர் சபாபதி, மிராசுதார். அவர் வயல்களுக்கு மருந்து அடிக்கும் ஐந்து பேரில் மூத்தவர் முருகையன். ஆடி மாதம் ஒருநாள் நண்பகலில், முதுகில் தெளிப்பானோடு வயலிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கைகால் வெட்டி இழுத்தது. கட்டைவண்டியில் போட்டுக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு கதைகள் கிளம்பிவிட்டன. சபாபதி தரப்பில், "கள்ளைக் குடிச்சிட்டு வெயில்ல நின்னான், விழுந்தான்." முருகையனின் தெருவில், "காப்பியில வெஷத்தைக் கலந்து குடுத்துட்டாங்க." அன்று காலை கூலிப் பேச்சில் இழுபறி நடந்தது உண்மை. மற்றவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்லி முருகையனை மட்டும் சபாபதி வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்ததும் உண்மை. பேச்சு முடிந்து வயலில் இறங்கும்போது பொழுது ஏறிவிட்டது.

மறுநாள் காலை எங்களுக்குத் தகவல் வந்தபோது ஊர் முனையில் போலீஸ் வேன் நின்றது. ஒரு பக்கம் கம்பு, மறுபக்கம் அரிவாள். முருகையன் செத்தால் அன்றே ஊரில் இன்னும் சில பிணம் விழும் என்று தாசில்தார் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். நான் நேரே ஊருக்குப் போகலாம் என்றேன். சார் காது மடலை இழுத்துக்கொண்டு, "ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்வீங்க? முதல்ல ஆஸ்பத்திரிங்க" என்றார்.

டாக்டர் களைத்துப் போயிருந்தார். கண் பாவை குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கிறது, கள் குடித்தவனுக்கு அப்படி ஆகாது, பூச்சிமருந்து உடம்பில் ஏறினால்தான் ஆகும், விஷமுறிவு ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறோம், பிழைப்பாரா என்று இப்போது சொல்வதற்கில்லை என்றார். சார் கேட்டார்: "வாய் வழியாப் போச்சா, தோல் வழியாவா?" டாக்டர் தலையை ஆட்டினார். "ரெண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் காட்டும். சட்டை நனைஞ்சு ஒரே வாடை. கழட்டிப்போட்டுக் குளிப்பாட்டினோம். அதுக்குமேல இப்ப என்னால சொல்ல முடியாது."

வெளியே நடையில் முருகையனின் மனைவி செல்லம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துவிட்ட முகம். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு? மிராசுதார் வீட்டுலேர்ந்து வர்றீங்களா, சங்கத்துலேர்ந்தா?"

"ரெண்டும் இல்லீங்க. விவசாய ஆபீசு."

"இவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்போதைக்குத் தெரியாதுங்க."

அவர் நகர்ந்து, உட்கார இடம் விட்டார். அன்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரியும் என்று சொன்னவர்கள்தானாம். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

"மத்த நாலு பேரும் அதே மருந்தைத்தானே அடிச்சாங்க" என்றார் செல்லம்மா. "அவங்க நல்லாத்தானே இருக்காங்க. காப்பி குடிச்சது இவரு ஒருத்தர்தான். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இவருக்கு மட்டும் ஏன்?"

இதுதான் கேள்வி. ஊர் முழுக்க இதைத்தான் கேட்டது. இதற்குப் பதில் சொல்லாமல் தோல் வழியாக விஷம் ஏறும் என்று நான் மணிக்கணக்கில் பேசினாலும் எருமை மாட்டின்மேல் பெய்த மழைதான்.

பிற்பகலில் வயலுக்குப் போனோம். முருகையன் விழுந்தது கிழக்கு மேற்காக நீண்ட ஒடுக்கமான துண்டு வயல். வடக்கே ஆழமான வாய்க்கால், தெற்கே கருவேல முள்வேலி. கிழக்கு முனையில் வண்டிப்பாதை, மருந்து கலக்கும் பீப்பாய் அங்கேதான் இருந்தது. மேற்கு முனையில் ஒரு வரப்பு. அதில் முழங்காலளவு புல். நடுவயலில் நின்று பார்த்துவிட்டு சார் அந்த வரப்பில் ஏறக் காலைத் தூக்கினார்.

"கால் வைக்காதீங்க!"

இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. ஒரு பக்கம் சபாபதி, மறுபக்கம் கோவிந்தராசு. கோவிந்தராசு அடுத்த வயலின் குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு உள்ளூர்த் தலைவரும் அவரே. அந்த மேலவரப்பு யாருடையது என்று இருவருக்கும் தாவா. தீர்ப்பு வரும்வரை யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. கால் வைத்தால் அனுபவித்து வந்ததாக அர்த்தமாகி அனுபோகம் ஆகிவிடும், அனுபோகம் வந்தால் உரிமை வந்துவிடும் என்று இருவருக்குமே பயம். இரண்டு வருஷமாக அந்த வரப்பில் எப்போதாவது ஆடு ஏறியதே தவிர ஆள் நடக்கவில்லை. அந்த ஊரில் இரு தரப்பும் சேர்ந்து சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை 'கால் வைக்காதீங்க' என்பதுதான்.

சார் காலைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் காற்று என் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், முந்தானை எம்மாத்திரம். மேல்காற்று, நேரே மேற்கிலிருந்து.

மருந்து அடிக்கும் மற்ற நால்வரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "இந்தத் துண்டுல எப்படி அடிப்பாரு?"

"கீழண்டைலேர்ந்து ஏறி மேக்க பார்த்து அடிச்சிக்கிட்டே போவாரும்மா. வரப்புக்கு முன்னாடி திரும்பிடுவாரு. மறுபடி ரொப்பிக்கிட்டு மறுபடி மேக்க. ரொப்பின தொட்டியோட சேத்துல சும்மா மேலண்டை வரைக்கும் நடந்து போய்த் திரும்ப முடியுமா? வேற வழி ஏது?"

"நீங்க அடிச்ச வயல்லயும் இதே மாதிரிதானா?"

"எங்களுக்கு என்ன, நாலு பக்கமும் வரப்பு இருக்கே. ரொப்பின தொட்டியோட மேலண்டை போய், காத்தை முதுகுல வாங்கிக்கிட்டு இறங்கிடுவோம்."

செல்லம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கே புல் மண்டிக் கிடந்தது. மற்ற நான்கு பேரும் காற்றோடு அடித்தார்கள். முருகையன் மட்டும் காற்றுக்கு எதிரே, அதுவும் காற்று வலுத்த நேரத்தில். அடித்த மருந்தில் பாதி அவர்மேலேயே திரும்பி வந்திருக்கிறது.

"இதைச் சொன்னா நம்புவாங்களா சார்?" என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டாங்க. காட்ட முடியுமாங்க?"

திருப்பனந்தாளில் தங்கியிருந்த இடத்துக்கு வந்தால், காதர் பாய் கிணற்றடியில் தன் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு உடுத்தமாட்டார். வாளியில் நீலத்தைக் கரைத்து, சட்டையை முக்கி எடுத்து, வெயிலில் கண் கூசுகிற மாதிரிக் காயவைப்பார். அந்த வாளித் தண்ணீரைப் பார்த்தபடி நான் நின்றேன். "பாய், உங்க வெள்ளை வேட்டி சட்டை எத்தனை செட்டு இருக்கு?" என்று கேட்டேன். மனிதர் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு செட்டு எடுத்துக்கங்கம்மா. ஒரு உசுருக்கு முன்னாடி துணி என்ன துணி" என்றார். அந்த உடுப்புக்கு அவர் சாகும்வரை என்னிடம் கணக்குக் கேட்டுக் கேலி செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் காற்று கிளம்பிய பிறகு, அந்தத் துண்டு வயலை ஒட்டிய மதகடியில் கூடச் சொன்னோம். ஆபீசிலிருந்து மருந்து படாத புதுத் தெளிப்பான் ஒன்றை எடுத்துவந்து, கடையில் கிடைத்த சலவை நீலத்தை எல்லாம் வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே தண்ணீரில் கரைத்தோம். இரண்டு தெருவும் இரண்டு கரையில் நின்றது. நடுவில் போலீஸ். செல்லம்மா கொழுந்தனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தார். முருகையனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

சார் பேசுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, "அந்த அம்மா கேள்வி கேட்டது உங்கள்ட்டதானேங்க" என்று ஒதுங்கிவிட்டார். மைக்கைப் பிடித்தேன்.

"முருகையன் கள்ளு குடிச்சு விழலை. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரு. பூச்சிமருந்துதான் உடம்புல ஏறியிருக்கு."

உழைக்கிற தெருப் பக்கம் பெரிய இரைச்சல். அது அடங்கட்டும் என்று நின்றேன். அடுத்த வாக்கியம் தொண்டையில் சிக்கியது. சிக்காமல் வர வேண்டுமே!

"அது காப்பி வழியாப் போகலைன்னு என்னால நிரூபிக்க முடியாது. காப்பியைப் பத்தி எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். "ஆபீசரே சொல்லிட்டாங்கய்யா!" என்று கோவிந்தராசு கத்தினார். சபாபதி முகம் சிவந்து முன்னே வந்தார். "ஏம்மா, எங்க குடும்பத்தைக் கொலைகாரக் குடும்பம்ங்கிறியா? யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" யார் வீட்டுப் பெண் என்ற கேள்விக்கு அந்த நாளில் என்ன பொருள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கம்புகள் உயர்ந்தன. நான் சாரைப் பார்த்தேன். மனிதர் காது மடலை இழுத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நான் மைக்கை வைத்துவிட்டுச் செல்லம்மாவிடம் நேரே போனேன். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டேங்க. ஆனா அன்னைக்கு அவர் உடம்புமேல எவ்வளவு விழுந்திருக்கும்னு என்னால காட்ட முடியும். காட்டட்டுமா?"

"காட்டுங்க" என்றார். அந்த அம்மா பேசியதும் இரைச்சல் குறைந்தது.

யார் அடித்துக் காட்டுவது என்று உடனே ஒரு சண்டை. சங்கத்து ஆள் அடித்தால் வேண்டுமென்றே மேலே தெளித்துக்கொள்வான் என்றார் சபாபதி. மிராசுதார் ஆள் அடித்தால் மேலே படாமல் ஏய்ப்பான் என்றார் கோவிந்தராசு. செல்லம்மா என்னைக் கை காட்டினார். "இவங்க அடிக்கட்டும்."

சேலைக்கு மேலே காதர் பாயின் சட்டையை மாட்டி, வேட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதுகில் தெளிப்பானோடு நான் வயலில் இறங்கியபோது இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். எனக்கே சிரிப்புத்தான். தெளிப்பான் நிரம்பினால் என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் என் முதுகு அறிந்தது. கிழக்கிலிருந்து ஏறி, மேற்கே பார்த்து, முருகையன் போன வழியிலேயே அடித்துக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் குழாய் முனை அடைத்துக்கொண்டது. நான் நின்றதும், கரையிலிருந்த மருந்தடிப்பவர்களில் ஒருவர் பழக்கத்தில், "வாயால ஊதுங்கம்மா, சரியாயிடும்!" என்று குரல் கொடுத்தார். ஊதினேன். வரப்புக்கு முன்னால் திரும்பி, கரையேறி வந்து அவர்கள் முன்னால் நின்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாயின் வெள்ளைச் சட்டை நெஞ்சு முழுக்க நீலமாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில், கழுத்தில், கண் இமையில், காதுக்குள் நீலம். ஊதச் சொன்னவர் என் உதட்டையே பார்த்தார். நாக்கை நீட்டிக் காட்டினேன். அதுவும் நீலம். அவர் தன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார், ஏதோ அவர் வாயிலும் இருப்பதுபோல.

செல்லம்மா என் கன்னத்தைக் கட்டைவிரலால் துடைத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் மருந்தா இருந்திருக்கும்?"

"ஆமாங்க. நான் ஒரு தடவைதான் அடிச்சேன். அவர் எத்தனை தடவை ரொப்பினாரு?"

அவர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்ப மத்தவங்க மேல?" என்று கேட்டார்.

அடுத்ததாக அதைத்தான் காட்ட வேண்டும். இன்னொரு வெள்ளை உடுப்பை மாற்றிக்கொண்டு, தெளிப்பானை நிரப்பிக்கொண்டேன். காற்றை முதுகில் வாங்க வேண்டுமானால் மேலவரப்பிலிருந்து இறங்க வேண்டும். மேற்கே அடுத்த வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு அதன் அருகே போனதும் பழையபடி, "கால் வைக்காதீங்க!" சபாபதி ஒரு பக்கம், கோவிந்தராசு ஒரு பக்கம், வரப்பை மறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கோர்ட் உத்தரவு என்றார் ஒருவர். அரசாங்கத்து ஆள் கால் வைத்தால் நாளைக்குச் சாட்சி ஆகிவிடும் என்றார் மற்றவர். ஒரு மனிதன் அங்கே சாகக் கிடக்கிறான், இவர்கள் புல்லுக்குக் காவல் நிற்கிறார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா என்னைத் தாண்டிப் போனார்.

புல்லை மிதித்துக்கொண்டு மேலவரப்பின்மேல் ஏறி நின்றார்.

"எம் புருசன் இதுல கால் வைக்கக் கூடாதுன்னுதான் காத்துக்கு எதுக்க போனாரு. இப்ப நான் வச்சிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து எம்மேல தாவா போடுங்க." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "வாங்கம்மா. ஏறுங்க."

நான் ஏறினேன். சபாபதியும் கோவிந்தராசுவும் விலகி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைக் கவனமாக ஆராய்ந்தார். நான் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே அடித்துக்கொண்டு இறங்கினேன். கரையேறியபோது முழங்காலுக்குக் கீழேதான் நீலம், நனைந்த பயிருக்குள் நடந்ததால் பட்டது. நெஞ்சும் முகமும் வெள்ளை. உழைக்கிற தெருவிலிருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "அட பாவிங்களா, ஒரு வரப்புக்காகவா!" அது இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு எவ்வளவோ கேள்விகள் வந்தன. சட்டை போட்டுக்கொண்டால் போதுமா, சோப்பு போட்டால் போகுமா, கையை விட்டுக் கலக்கலாமா, பால் கொடுக்கிற பெண் கிட்டே வரலாமா. தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன். காற்று எழுவதற்கு முன்னால் விடியற்காலையில் அடித்தால்தான் நல்லது, முழங்காலையும் துணியால் மூட வேண்டும், அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, குச்சி வைத்துக் குத்த வேண்டும் என்றேன். பூச்சி பயிரைத் தின்றுகொண்டிருந்தது, நஷ்டம் இரண்டு தரப்புக்கும்தானே? சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டு பேரையும் மதகுக் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். வழக்கு அதன்பாட்டில் நடக்கட்டும், மருந்து அடிக்கிறவன் காலுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள் என்றார். வெகுநேரம் கழித்து சபாபதிதான் சொன்னார்: "மருந்து அடிக்கிறவன் கால் அனுபோகத்துல சேராது." கோவிந்தராசு, "சேராது" என்றார். ராஜி, சமாதானம் என்று அதற்குப் பெயர் வைக்க இருவருமே சம்மதிக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியலில் நால்வரும் சட்டை போட்டுக்கொண்டு மேலவரப்பு வழியாக இறங்கினார்கள். கூலிப் பேச்சையும் முதல்நாள் மாலையிலேயே முடித்துவைத்திருந்தார்கள்.

காப்பிக் கதையை நம்புகிறவர்கள் அந்த ஊரில் அதன் பிறகும் இருந்தார்கள். இருக்கட்டும். தெரியாது என்று சொன்னது நான்தானே. ஆனால் கம்புகள் வீட்டுக்குள் போயின. போலீஸ் வேனும் போனது.

திருவிடைமருதூர்ப் பக்கம், கடைமடைப் பக்கம் என்று அடுத்தடுத்த வருஷங்களில் நான் நீலம் அடித்துக் காட்டாத இடம் குறைவு. துறையில் அதற்கு ஏதோ நீளமான பெயர் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் என்னை 'நீலத்தம்மா' என்றார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. ஏர் ஓட்டியவர் மகள் மைக்கைப் பிடித்து ஊருக்கே பதில் சொன்னாள் என்று அப்பா தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். பணி ஓய்வு நாளில் போர்த்திய சால்வைகளில் ஒன்றுகூட இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த ஊரில் நீலம் அடித்ததற்கு இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனது மட்டும் அப்படியே இருக்கிறது.

முருகையன் கண் விழித்துவிட்டார் என்று தகவல் வந்ததும் போனேன். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் வருவதற்கு முன்பே செல்லம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மேலவரப்புலயா நடந்தாங்க? நாலு பேருமா?"

"ஆமாங்க. இன்னைக்கும் நடந்தாங்க."

"சபாபதி ஐயா பார்த்துக்கிட்டு இருந்தாரா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு. கோவிந்தராசும் நின்னாரு."

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்தது.

"ரெண்டு வருசம் அந்தத் தொட்டியைச் சுமந்துக்கிட்டு அதுக்கு முன்னாடி திரும்பித் திரும்பி வந்தேம்மா" என்றார். "நான் விழுந்தாத்தான் அது தொறக்கும்னு தெரிஞ்சிருந்தா, போன வருசமே விழுந்திருப்பேனே."

செல்லம்மா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "இன்னொரு தடவை விழுந்து பாரு, நானே கொன்னுபுடுவேன்." சொல்லிவிட்டு, இத்தனை நாளில் நான் பார்த்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். சாயப்போன கஞ்சிக் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன்.